மே மாதப் புதன்கிழமையை மூடாதீர்கள்: நம் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டியில் இருக்கிற ஐயாமாருக்கும், அண்ணன்மாருக்கும், இரண்டே இரண்டு அக்காமாருக்கும், பாஸ்டரையாவுக்கும் பாஸ்டரம்மாவுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பு வாசித்தபோது நான் பின்வாசலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் செருப்பு ஜோடி சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் பாதிதான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முழுசாகப் படித்தேன். மே முதல் வாரத்திலிருந்து ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்வரை புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டம் கிடையாது, ஞாயிறு ஆராதனை வழக்கம்போல் ஒன்பதரைக்கு, ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், காரணம் வெயில், அப்புறம் "வருகை குறைவு". கீழே வரிசையாகக் கைகூப்புகள். நானும் கை தவறி ஒரு கைகூப்பு போட்டுவிட்டேன். அதை வாபஸ் வாங்கத்தான் இந்த மடல்.

குழுவிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் அங்கே எது போட்டாலும் அரைமணியில் பிறந்தநாள் கேக்குக்கு அடியில் போய்விடுகிறது. நேரில் வந்தால் டீச்சரம்மா கோபமாக இருக்காங்க என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். பக்கத்து ஊர்ச் சபைகளிலும் இதே மாதிரி அறிவிப்பு வந்திருக்கிறதாம், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் வெயில். அது பொய் என்று நான் சொல்லவில்லை, ஆந்திராவில் குப்பத்துக்கும் வி.கோட்டாவுக்கும் நடுவில் ஷீட் கூரைக்குக் கீழே பதினேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறவளுக்கு நீங்கள் வெயிலைச் சொல்லித்தர வேண்டாம். தமிழில் நமக்கு அக்கினி நட்சத்திரம், மே 4 வாக்கில் ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் தெலுங்கில் ரோகிணி கார்த்தெ வந்துவிடும். "ரோகிணி கார்த்தெலோ ரோள்ளு பகுலுதாயி" என்று நம் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள், ரோகிணி கார்த்தெயில் உரலே வெடிக்குமாம். இரண்டு மொழியிலும் வேகிற ஊர் நம்முடையது. போன வருஷம் ஈஸ்டருக்கு மேடைச் சுவரில் நானும் பிள்ளைகளும் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய "உயிர்த்தெழுந்தார்" ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் பசை இளகி வாரத்துக்கு இரண்டு எழுத்தாக முன்னாலிருந்து விழுந்துகொண்டே வந்து, மே நடுவில் "தார்" மட்டும் சுவரில் மிச்சம் நின்றது. வெளியே ரோட்டில் உருகிக்கொண்டிருந்ததும் அதுதான். பாஸ்டரையாவுக்குத் தமிழ் எழுத்து இன்னும் சரளமாக வராததால் இரண்டு வாரம் அதைப் பின்னால் வைத்துக்கொண்டே பிரசங்கம் பண்ணினார், யாரும் சொல்லவில்லை, நானும்தான் சொல்லவில்லை.

ஆக, வெயில் நிஜம். பகல் ஒன்பதரைக்குமேல் அந்தக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை உட்கார வைப்பது பாவம்தான். அதற்கு நேரத்தை மாற்றலாமே, கூட்டத்தையே எடுத்துவிட்டால் எப்படி? அதை அப்புறம் பேசுகிறேன், எனக்குள் குத்திக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது காரணம்.

"வருகை குறைவு." வருகை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் மே மாதம் நான்கு புதன்கிழமை: 14, 12, 9, 12. நாற்பது குடும்பத்துச் சபைக்கு இது குறைவு என்று ஓர் அண்ணன் கூட்டிக் கழித்துக் காட்டினாராம். அண்ணா, மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறவர்கள் லீவுக்கு அங்கே போய்விடுகிறார்கள், மாந்தோட்டம் இருக்கிறவர்கள் ராத்திரிக் காவலுக்குப் போகிறார்கள், விடியும் முன்னே ரயில் ஏறி இருட்டின பிறகு திரும்புகிற பையன்களால் ஆறு மணிக் கூட்டத்துக்கு எந்த மாதமும் வர முடியாது. மிச்சம் நிற்கிறவர்கள்தான் அந்தப் பன்னிரண்டு பேர். வயசானவர்கள், ஊரை விட்டுப் போக இடமில்லாதவர்கள், போகக் காசில்லாதவர்கள், அப்புறம் நான்.

பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்து மெதடிஸ்ட்காரர்கள் நாம் வெட்கப்படலாமா? 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் கூடின மெதடிஸ்ட் கூட்டமும் நம் கமிட்டி மாதிரி பணத்தைப் பற்றிப் பேசத்தான் கூடியது, ஜெபவீடு கட்டின கடன் தலைக்குமேல் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டால் அடைத்துவிடலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். ஏழைகளால் அதுகூட முடியாதே என்று இன்னொருவர் சொன்னபோது, இருப்பதிலேயே ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நானே போட்டுவிடுகிறேன் என்றாராம். பதினொன்றும் அவரும் பன்னிரண்டு. அப்படித்தான் கிளாஸ் மீட்டிங், பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்த வாரக் குழு, பிறந்தது. பென்னி வசூலிக்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்களுக்கு, எந்த வீட்டில் சண்டை, எவன் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டான், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் தெரியவந்தது. இது பென்னியைவிடப் பெரிய விஷயம் என்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி கண்டுகொண்டார். மெதடிஸ்ட் இயக்கம் பரவினதற்கு அவருடைய பிரசங்கம் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தப் பன்னிரண்டு பேர் கணக்கும் காரணம். நம் நோட்டில் 12 என்று எழுதும்போது கொஞ்சம் அழுத்தியே எழுதலாம் போலிருக்கிறது. (இரண்டு மூன்று பேர் கூடுகிற வசனத்தை நான் எடுக்கவில்லை, கூட்டம் குறைந்த எல்லா சபையிலும் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம்.)

இன்னும் ஒன்று. 1738 மே 24. சாயங்காலம். ஜான் வெஸ்லிக்கு அப்போது 34 வயது, குருப்பட்டம் வாங்கி வருஷங்கள் ஆகியிருந்தன, அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய் ஒன்றும் சரிவராமல் அந்த வருஷத் தொடக்கத்தில்தான் திரும்பியிருந்தார். லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்ன ஜெபக்கூட்டம். போக மனமே இல்லாமல் போனேன் என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார், நம் கூட்டத்தில் நடக்கிற மாதிரியே யாரோ எதையோ வாசிக்கிற கூட்டம், அதில் ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தன் நெஞ்சுக்குள் வினோதமாக ஓர் அனல் ஏறியதாக எழுதுகிறார். குளிர்நாட்டுக்காரர், அவருக்கு அனல் ஏறினால் சந்தோஷம். நம் ஊரில் மே மாதம் நெஞ்சில் அனல் ஏறினால் முதலில் மோர் தேடுவோம், இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்துக் குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். விளையாட்டு இருக்கட்டும். அது என்ன கிழமை தெரியுமா? புதன்கிழமை.

மே மாதத்துப் புதன்கிழமை சாயங்காலக் கூட்டம், அதுவும் மனசில்லாமல் வந்த ஓர் ஆள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு கமிட்டி உட்கார்ந்து "வருகை குறைவு" என்று தீர்மானம் போட்டிருந்தால், நம் போர்டில் இன்றைக்கு மெதடிஸ்ட் என்ற வார்த்தை இருந்திருக்காது. அந்த 1738இல் பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவி இறங்கின பண்டிகை, மே 21இல் வந்தது, அன்றைக்கு வெஸ்லியின் தம்பி சார்லஸ் சுகமில்லாமல் இருந்த இடத்திலேயே இரட்சிப்பின் நிச்சயத்தைப் பெற்றார், மூன்று நாள் கழித்து அண்ணன். இந்த 2026இல் மே 24ஆம் தேதியே பெந்தெகொஸ்தே ஞாயிறு. இரண்டும் ஒரே நாளில் விழுகிறது, நாம் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் முடித்து வீட்டுக்கு ஓடப்போகிறோம்.

பழைய கதை போதும், போன வருஷத்துக்கு வருகிறேன். நோட்டில் 9 என்று எழுதியிருக்கிற புதன்கிழமை. ஏழு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. மேசைமேல் ஒரு போனை நிமிர்த்தி வைத்து அதன் டார்ச்சில் பாஸ்டரையா வேதம் வாசித்தார், பூச்சி மொய்த்ததால் அதையும் அணைத்துவிட்டோம். சாட்சி சொல்ல யாருமில்லையா என்று கேட்டார், வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருப்போம், இருட்டில் பாயும் தெரியவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்தவரே, கடைசி பெஞ்சு மாமா, அவர் பேசினார். 2001இல் சுரங்கம் மூடினபோது குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவர், இத்தனை வருஷத்தில் சபையில் அவர் ஒரு வார்த்தை சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டுகூட உதட்டை மட்டும்தான் அசைப்பார்.

"இதெல்லாம் ஒரு சூடா" என்று ஆரம்பித்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்குமேல் கீழே போகும், கீழே பாறையில் கை வைக்க முடியாது, மேலே ஏறி வந்து நின்றால் மே மாத வெயில் ஊட்டி மாதிரி இருக்கும் என்றார். சிரித்தோம். அப்புறம் அவர் ஷிப்டில் கூட வேலை பார்த்தவரைப் பற்றிச் சொன்னார். ராக் பர்ஸ்ட், பாறை தானே வெடிப்பது, அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம். அன்றைக்கு இறங்கும் முன் அந்த நண்பர் ஜெபம் பண்ணலாம் வா என்று கூப்பிட்டாராம், இவர் பீடி பற்றவைத்துக்கொண்டு நீ பண்ணு நான் வர்றேன் என்று சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னார். நண்பர் திரும்பி வரவில்லை என்பதை நாங்களே புரிந்துகொண்டோம். "அதிலேர்ந்து கூட்டம் நடக்கிற இடத்துல வந்து உட்கார்ந்துடுவேன், ஜெபம் பண்ண வாய் வராது, உட்கார்ந்துடுவேன்" என்றார். கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அவர் வேட்டி முனையைச் சரிபண்ணிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார், பாஸ்டரையா ஆசீர்வாதம் கூறி முடித்தார்.

வெளிச்சத்தில், நாற்பது குடும்பத்துக்கு முன்னால், மைக் முன்னால் அவர் அதைச் சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

இன்னொரு புதன்கிழமை, ஜூன். 2025 ஜூனில் தோத்தாபுரி மாங்காய் என்ன பாடு பட்டது என்று உங்களில் பாதிப்பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாங்கூழ் ஆலைக்காரர் எட்டு ரூபாய், அரசு நாலு ரூபாய், ஆகக் கிலோ 12 ரூபாய் என்று ஆந்திராவில் அறிவித்தார்கள், கர்நாடகத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரவே கூடாது என்று தடையும் போட்டார்கள். நம் சபையிலோ ஒரு குடும்பத்துத் தோட்டம் இந்தப் பக்கம், இன்னொரு குடும்பத்துத் தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம், நடந்தே போகிற தூரம். ஒருவர் ஆலை வாசலில் டிராக்டரோடு இரண்டு ராத்திரி வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தார், இன்னொருவர் காயை விற்க வழியில்லாமல் வந்திருந்தார், இரண்டு பேரும் ஒரே பாயில். ஜெபக் குறிப்பு கேட்டபோது இந்தப் பக்கத்து அண்ணன், தடை நீடிக்கணும், நம்ம காய்க்கு விலை கிடைக்கணும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. பாஸ்டரையா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். யாருக்காக ஜெபிப்பது? ஒருவருக்குக் கேட்டால் இன்னொருவரிடமிருந்து பிடுங்கின மாதிரி ஆகிறதே. எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் தெரியாது, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டால் நான் திணறித்தான் போவேன். கடைசியில் மோர்ப் பாட்டி வாய் திறந்தார், "ரெண்டு பக்கமும் காய் அழுகாம பாத்துக்கோ அப்பா, மிச்சம் உனக்குத் தெரியும்" என்று மட்டும். அந்த இரண்டு அண்ணன்மாரும் அன்று ராத்திரி ஒரே பைக்கில் போனார்கள். சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் கதை கட்டவில்லை, ஒருவருடைய வண்டியில் பெட்ரோல் இல்லை.

மோர்ப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "கூட்டத்துக்கு டீ பிஸ்கட் செலவு" என்று கணக்கில் ஒரு வரி காட்டியிருந்தீர்களாம். புதன்கிழமைக் கூட்டத்துக்கு டீ பிஸ்கட் என்று சபைப் பணத்தில் ஒரு பைசா எடுத்ததில்லை. பாட்டி பித்தளைச் செம்பில் மோர் கொண்டுவருவார், பெருங்காயம் தட்டிப்போட்டு, கறிவேப்பிலையைக் கையாலேயே கிள்ளிப்போட்டு. பன்னிரண்டு பேருக்கு எப்படிப் போதுகிறது என்று தெரியவில்லை, தண்ணீர்தான் ஜாஸ்தி. வெஸ்லி காலத்து அன்பின் விருந்திலும் ரொட்டியும் தண்ணீரும்தான் கைமாறின, நம்முடையதில் கொஞ்சம் உப்பாவது இருக்கிறது.

இனி என் யோசனை. ஏசி வாங்குகிற பேச்சு ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். ஷீட் கூரைக்கும் ஓட்டை ஜன்னலுக்கும் ஏசி போட்டால் ஊருக்கே குளிர்ச்சி கொடுத்த புண்ணியம் கிடைக்கும், கரண்ட் பில்லை யார் கட்டுவது? அதை விடுங்கள். புதன்கிழமைக் கூட்டத்தை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குத் தள்ளுங்கள், உள்ளே வேண்டாம், வேப்பமரத்தடியில் பாய் போட்டு. எட்டு மணி என்றால் ரயில் பையன்களும் வரலாம். கட்டடத்துக்கு வெளியே நடந்தால் ஜெபக்கூட்டம் ஆகுமா என்று மூத்த ஐயா ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். ஆலயத்துக்கு வெளியே ஆத்தும ஆதாயம் செய்வதே ஏறக்குறைய பாவம் என்றுதான் வெஸ்லியும் நினைத்திருந்தார், 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று பிரசங்கிக்கும்வரை. பிறகு அவர் நிற்கவே இல்லை. கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் கேட்டார்கள், நம் மாமாவின் சாதிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஆராதனையைக் காலை ஏழு மணிக்கு வையுங்கள். நான் ஆறு என்றுதான் கேட்டிருப்பேன், உழைக்கிற ஜனங்கள் வேலைக்குப் போகும் முன் கேட்கட்டும் என்று வெஸ்லி ஐந்து மணிக்கே பிரசங்கம் வைத்தவர், ஆனால் நம் ஆட்கள் பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, பட்டுப்பூச்சிக்குத் தழை போட்டுவிட்டு வரவேண்டும். ஏழு சரியாக இருக்கும். 63ஆம் சங்கீதத்தில் தாவீது அதிகாலமே தேடுகிறேன் என்கிறார், எங்கே நின்று சொல்கிறார் பாருங்கள், வறண்ட, தண்ணீரில்லாத நிலத்தில். நம் ஊர் ஏப்ரல் மாதம் மாதிரி.

ஒரு விஷயம், பாதி குறை, பாதி ஆதங்கம். வெளியூரில் எங்கே போனாலும் நீங்கள் சி.எஸ்.ஐ.தானே என்று கேட்கிறார்கள், இல்லை மெதடிஸ்ட் என்றால் அப்படி ஒன்று தனியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை, அதுதான் சி.எஸ்.ஐ., உருவானபோது இங்கிலாந்து வழி மெதடிஸ்ட்கள் அதில் சேர்ந்துவிட்டார்கள், அமெரிக்க மிஷன் வழி வந்த நாம் தனியாகவே நின்றோம், 1981இல்தான் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை சொந்தக் காலில் நின்றது. நம்மில் பலபேர் பிறந்ததே கோலார் மிஷன் ஆஸ்பத்திரியில். தமிழ் பேசுகிற, தெலுங்கு மாநிலத்தில் இருக்கிற, பிரசவத்துக்குக் கன்னட ஊருக்குப் போன ஒரு கையளவு சபை. இதில் நாமே நம்மை எண்ணிப் பார்த்து "குறைவு" என்று போர்டில் எழுதிக்கொள்ள வேண்டுமா?

போன சனிக்கிழமை ரேஷன் கடை வாசலில் கடைசி பெஞ்சு மாமாவைப் பார்த்தேன். அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது, ஞாயிறு அறிவிப்பும் அவர் காதில் சரியாக விழாது. "புதன்கிழமை உண்டில்லம்மா?" என்று கேட்டார். அறிவிப்பு அப்போது இன்னும் வரவில்லை, உண்டு மாமா என்று சொல்லிவிட்டேன். இனி அவரிடம் போய் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது, வேண்டுமானால் கமிட்டியே போய்ச் சொல்லட்டும்.

பாய் இரண்டு என் வீட்டில் இருக்கிறது. எமர்ஜென்சி லைட்டைச் சார்ஜில் போட்டுவிட்டேன். செம்புக்குப் பாட்டியிடம் சொல்லியாயிற்று. கேட் சாவி மட்டும் செயலாளர் அண்ணனிடம் இருக்கிறது, மே 6 புதன்கிழமை ஏழரைக்கு என் பையனை அனுப்புகிறேன், கொடுத்தனுப்புங்கள் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி, ஞாயிறு பள்ளி டீச்சர்